மின்னழுத்தம் பொருந்துதல்

ஒலியை எண்களாக்கிக் கம்பி வழியே அனுப்பும்போது, மின்னழுத்தம் குறைந்தால் பாட்டின் ஓசையும் குறையுமா என்று மாணவர் கேட்பதுண்டு. குறையாது. ஓசையின் அளவு எண்களுக்குள் அடங்கியிருக்கிறது. மின்னழுத்தம் அவற்றைச் சுமக்கும் வண்டி. ஆனால் வண்டிக்கும் வாயிலுக்கும் அளவு பொருந்த வேண்டுமன்றோ?

ஒலிபரப்பு நிலையங்களில் வழங்கும் ஏ.இ.எஸ். 3 முறை 1985-இல் வெளியாயிற்று. அதில் துடிப்பின் உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 2 முதல் 7 வோல்ட். மின்னெதிர்ப்பு 110 ஓம். சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் வீட்டுக் கருவிகளுக்கென வகுத்த முறையிலோ 0.5 வோல்ட், 75 ஓம். முன்னதைப் பின்னதோடு நேரே இணைத்தால் ஏற்கும் கருவி பழுதுறவும் கூடும். இடையில் சிறு மின்மாற்றியும் தடைகளும் வைத்து இரண்டையும் ஒப்பச் செய்வர். மின்னெதிர்ப்பு ஒவ்வாவிடில், கிணற்றில் கூவிய குரல்போல் அலையின் ஒரு பகுதி திரும்பி வந்து துடிப்புகளின் விளிம்பைக் குலைக்கும். அழுத்தத்தைக் கவனிப்போர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

மறுதலையாக, அரை வோல்ட்டை ஏ.இ.எஸ். கருவிக்கு அனுப்பினால்? அக்கருவி 0.2 வோல்ட்டையும் படித்தறிய வேண்டும் என்பது விதி; ஆகையால் குறுகிய கம்பியில் பெரும்பாலும் வேலை நடக்கும். கம்பி நீள நீள அழுத்தம் தேயும். அப்போது பாட்டு, பழைய வானொலியில்போல் மெல்ல மங்குவதில்லை. தெளிவாக ஒலித்துக்கொண்டேயிருந்து, இடையிடையே ‘டக்’கென வெட்டி, திடீரென ஊமையாகும். ஒலிக்குமிழைத் திருகிப் பயனில்லை; கம்பியையும் அதன் இரு முனைகளையுமே பார்க்க வேண்டும்.