மனு போகும் அலுவலகம்

"எஸ்எஸ்டி செத்துப்போச்சாம்ணா. புதுசு வாங்கணுமாம்."

திருத்தணி மலையடிவாரத்து டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான் தம்பி. விண்டோஸ் 10 பென்டிரைவ் போட்டிருக்கிறான்; எந்த டிஸ்க்கில் நிறுவ என்று கேட்கும் திரை காலியாக இருக்கிறது. பயாஸுக்குள் போகச் சொன்னேன். எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் அங்கே பளிச்சென்று தெரிந்தன.

"செத்தது பேர் சொல்லுமாடா? டீயைக் குடி."

"அக்காவோட இலவச லேப்டாப்புல இதே பென்டிரைவ் ஓடுச்சே?"

நல்ல கேள்வி. விண்டோஸ் டிஸ்க்கோடு நேராகப் பேசாது. நடுவே ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இருக்கிறது. அதனிடம் பேசத் தெரிந்த மென்பொருள்தான் டிரைவர். நம் ஊரையே பார். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். அன்றுதான் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. மலையும் 365 படியும் இருந்த இடத்திலேயே இருந்தன. மனு போடும் அலுவலகம் மட்டும் மாறியது. பிறகும் சித்தூருக்கே மனு அனுப்பினால் பதில் வருமா?

அக்காவின் பழைய லேப்டாப்பில் சாட்டா டிஸ்க், ஏஎச்சிஐ முறை. அதற்கான டிரைவர் விஸ்டா முதலே விண்டோஸுக்குள் இருக்கிறது. எக்ஸ்பியில் அதுவும் கிடையாது. எஃப்6 தட்டி ஃப்ளாப்பியில் கொடுப்போம். உன்னுடையது இன்டெல் 11-ஆம் தலைமுறை. அதிலிருந்து பல லேப்டாப்களில் என்விஎம்இ டிஸ்க்கை விஎம்டி என்ற கன்ட்ரோலரின் கீழ் வைத்து அனுப்புகிறார்கள். உன் பென்டிரைவில் அதற்கு டிரைவர் இல்லை.

வழி இரண்டு. ஒன்று, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உன் மாடலைத் தேடி, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடு. வெர்ஷன் எண் பெரிதாக இருக்கிறதே என்று மயங்காதே. புதியவற்றில் பழைய தலைமுறைகளை விட்டுவிடுவதுண்டு. இறக்கிய கோப்பைப் பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு உள்ள ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடு. இரண்டு, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடு. விண்டோஸில் இருக்கும் என்விஎம்இ டிரைவரே போதும். ஒரே டிஸ்க், ரெய்டு இல்லை என்றால் இது சுலபம்.

எந்த கன்ட்ரோலர் என்று தெரியாத மெஷினா? விண்டோஸ் ஓடினால் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடியைப் பார். 8086 என்றால் இன்டெல், 1022 என்றால் ஏஎம்டி. அடுத்து வரும் எண்தான் குறிப்பிட்ட சிப்பைச் சொல்லும்.

அவன் விஎம்டியை அணைத்தான். டிஸ்க் வந்தது. டிலீட் பட்டனுக்குப் போன கையைப் பிடித்தேன்: "உள்ளே போட்டோ ஏதாவது இருக்கா?" இல்லையாம். நிறுவட்டும்.

"ஆனா நாளைக்கு யாராவது விஎம்டியைத் திரும்ப ஆன் பண்ணினா நீலத்திரைதான் வரும். அப்பவும் எஸ்எஸ்டி செத்துடுச்சுன்னுதான் சொல்லுவாங்க."

டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, துண்டுச்சீட்டில் 'விஎம்டி ஆஃப்' என்று எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டான்.