ஆறு பேர் காத்திருக்கின்றனர்

ஹாக்கி வீரர் தியான் சந்த் பிறந்த ஆகஸ்ட் 29ஆம் நாளைத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். 2019இல் ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கியது அந்நாளில்தான். ஈராண்டு கழித்து அதற்கெனக் கைப்பேசிச் செயலி வந்ததும் அந்நாளில்தான். ஓடச் சொல்லும் அழைப்பும் இன்று கைப்பேசி வழியே வருகிறது!

பணம் செலுத்துதல், பாடக் குறிப்பு, வேலைக்கான விண்ணப்பம் யாவும் அதற்குள் புகுந்துவிட்டன. வங்கியாளராகிய நாங்களே வாடிக்கையாளரை அதன்பால் அழைக்கிறோம். ஆதலால் அதை அறவே ஒதுக்குமாறு இளைஞரிடம் கூறுவது பொருந்தாப் பேச்சு. பணம் செலுத்த எடுத்த கைப்பேசி, அரை மணி கழிந்தும் கீழே வைக்கப்படாததே இடர்.

இங்குதான் குழு விளையாட்டு கைகொடுக்கிறது. தனியே நடப்பவர் அடிகளை எண்ணவும் பாட்டுக் கேட்கவும் கைப்பேசியை உடன் கொண்டு செல்கிறார். நடை நன்றே, ஆயினும் ஒவ்வோர் அறிவிப்பு ஒலிக்கும் கண் திரும்புகிறது. கபடியில் பாடி வருபவரைப் பிடிக்கக் கைகள் இரண்டும் வேண்டும். எழுவர் அணியில் ஒருவர் வாராவிடில் அறுவர் காத்திருப்பர். அக்காத்திருப்பே அவரை மறுநாளும் வரவழைக்கும். எந்தச் செயலியின் நினைவூட்டலுக்கும் அவ்வலிமை இல்லை என்பது எங்கள் கருத்து.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மூன்று மாலைகளில் ஐம்பது நிமிடம் ஆடினால் கணக்கு நேராகிவிடும்.

கல்லூரியை விட்டு வெளியேறியோருக்குக் களம் கிடைப்பதே அரிது. பள்ளி மைதானங்கள் பல மாலையில் பூட்டப்படுகின்றன. அப்பூட்டைத் திறக்க வல்ல நிர்வாகிகள் எங்கள் வாடிக்கையாளரிடையேயும் உள்ளனர்.