மஞ்சள் காசும் மண்வெட்டித் தோழனும்

மஞ்சளாய் மின்னுவதைக் கண்டதும் பொன்னென்று மயங்குவோர் உண்டு. மயங்கட்டும்! நாம் கூற வருவது பொன்னைப் பற்றியல்ல, பித்தளையைப் பற்றி. ரோமாபுரிப் பேரரசர்கள் தம் முகம் பொறித்து வெளியிட்ட பித்தளைக் காசைப் பற்றி.

அரிசி விலை என்ன, கூலி என்ன என்று கணக்குப் பார்க்கும் பாட்டாளித் தோழருக்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பித்தளைக் காசு எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்பது நியாயம். ஆனால், அந்தக் காசு முதலில் அகப்படுவது பேராசிரியர் கையிலா? இல்லை, தோழர்களே! கிணறு வெட்டுபவன், கால்வாய் தூர் எடுப்பவன், ஆற்று மணலை அரிப்பவன் கையிலேதான். ஆகவே அது நம் காசு; நாம் பேச வேண்டிய காசு.

சீசருக்குப்பின் ரோமை ஆண்ட அகஸ்டஸ், கி.மு. 23ஐ ஒட்டி நாணய முறையைத் திருத்தி அமைத்தான். பொன்னுக்கும் வெள்ளிக்கும் கீழே, சில்லறைப் புழக்கத்துக்கு, செம்பிலே ஒரு காசு. அதன் பெயர் ஆஸ். பித்தளையிலே இரண்டு காசுகள்: இரண்டு ஆஸுக்குச் சமமானது டுபாண்டியஸ், நான்குக்குச் சமமானது செஸ்டெர்டியஸ். அந்தப் பித்தளைக்கு அவர்கள் வைத்த பெயர் ஓரிகால்கம். புதிதாய் அடித்தபோது பொன்போலப் பளபளத்தது. டைபர் ஆற்றுச் சேற்றில் காற்றுப்படாமல் கிடந்த காசுகள் இன்றும் மஞ்சள் மாறாமல் கிடைக்கின்றன. அந்த நிறத்துக்காகவே தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அந்த மஞ்சள் எப்படி வந்தது? ஆண்டவன் அருளாலா? அரசன் கைபட்டதாலா? உலைக்களத் தொழிலாளியின் வியர்வையால் வந்தது! செம்புத் துண்டுகளோடு துத்தநாகக் கல்லையும் கரித்தூளையும் கூட்டி, மூசையிலே இட்டு மூடிச் சூடேற்றினான். துத்தநாகம் ஆவியாயிற்று, ஆவி செம்புக்குள்ளே புகுந்தது, சிவந்தது மஞ்சளாயிற்று. சூடு குறைந்தால் ஆவி எழாது. மிகுந்தால் செம்பே உருகிவிடும். இந்தப் பக்குவம் தெரிந்தவன் பெயர் எந்தக் காசிலும் இல்லை. வெட்டி வீற்றிருந்தவன் முகம் இருக்கிறது!

இனி, நம் நாட்டுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டிலே பிளினி என்ற ரோமானிய அறிஞர், ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்டியஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ஏட்டிலே எழுதி வைத்துப் புலம்பினார். நூறு செஸ்டெர்டியஸ் ஒரு பொற்காசு. ஆக, ஐந்து லட்சம் பொற்காசு மதிப்பு! எதற்காக? மிளகுக்கு, முத்துக்கு, மெல்லிய துணிக்கு. முசிறித் துறையிலே யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறும் கூறுகிறது. அங்கே அழுகை, இங்கே பாட்டு! இரண்டும் ஒரே வாணிகத்தின் இரு பக்கம்.

பிளினி கணக்குப் பார்த்தது பித்தளைக் காசின் பெயரால். தமிழன் எண்ணி வாங்கியதோ பொன்னும் வெள்ளியும். அக்காலத்துப் பித்தளைக் காசு இங்கே கிடைப்பது அரிது. காரணம் என்ன? பித்தளைக் காசின் மதிப்பு, அரசன் ஆணையால் வந்த மதிப்பு. அந்த ஆணை ரோமாபுரி எல்லையோடு நின்றுவிடும். 'உன் அரசன் முகம் உனக்கு. எனக்கு எடை காட்டு' என்றான் தமிழ் வணிகன். புதுக்கோட்டைச் சீமையிலே 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில், பேரரசன் முகத்தின் மேலேயே உளிவெட்டு! புழக்கத்திலிருந்து நீக்க வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. ஆணையால் வரும் மதிப்பு ஆணையால் போகும் என்பதை, 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கையில் வைத்துத் தவித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

மஞ்சக்குப்பத்துத் தோழர்களே! இது எங்கோ நடந்த கதையல்ல. நமக்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டை 1945இல் வீலர் அகழ்ந்து, யவன வாணிகத்தை உலகுக்குக் காட்டினார். நமக்குத் தெற்கே காரைக்காடு, குடிகாட்டு மண்ணிலும் யவனத் தொடர்பு காட்டும் பானை ஓடுகள் கிடைத்தன. இன்று அந்த வட்டாரத்திலே நிற்பது சிப்காட் தொழிற்பேட்டை! மருங்கூரிலே 2024இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. கரூரிலும் மதுரையிலும் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகள் ஏராளம். அவற்றைப் பொறுமையோடு சேர்த்துப் படித்து, 1994இல் நூலாக்கினார் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. எவர் செய்தாலும் நல்ல தொண்டு நல்ல தொண்டே.

ஆனால், அப்படிப் படிப்பவர் கைக்குப் போய்ச்சேராமல் அழிந்தவை எத்தனை? பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தந்த வண்டியிலே வரலாறு ஏறிப்போனது எத்தனை முறை? கண்டெடுத்த தொழிலாளியைக் குறை கூறலாமா? கூடாது! சட்டத்தைப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் 1878இல் எழுதிவைத்த புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் பங்கும் போகும், சிறையும் உண்டு. உரியவர் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலக்காரனுக்குக் கால் பங்கு. முக்கால் பங்கு மண்வெட்டி பிடித்தவனுக்கு! இதை அவனிடம் சொன்னவர் யார்?

அந்தச் சட்டத்திலேயே ஓர் ஓட்டை. புதையலை அரசே எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தந்தால் போதுமாம். பொன்னுக்குச் சரி. பித்தளைக்கு? ஒரு செஸ்டெர்டியஸ் ஏறத்தாழ 25 கிராம். நாற்பது சேர்ந்தால் ஒரு கிலோ. பழைய பித்தளை விலையோடு சிறிது கூட்டித் தந்துவிட்டு, வரலாற்றை வாங்கிக்கொள்கிறது சட்டம்! நேர்மையாய்க் கொண்டுவந்தவனுக்குத் தூக்குக்கடை விலை. தரகனிடம் இருட்டிலே விற்றவனுக்கு அதைவிடப் பெரிய தொகை. பிறகு எவன் கலெக்டர் வாசலுக்கு வருவான்?

ஆகவே நாம் கேட்கிறோம்: எடைக்கு விலை வைக்காதே, அறிவுக்கு விலை வை! வல்லுநர் மதிப்பிடும் விலையைக் கண்டெடுத்தவனுக்குக் கொடு. அருங்காட்சியகத்திலே பேரரசன் பெயருக்குப் பக்கத்திலே, கண்டெடுத்த தொழிலாளியின் பெயரையும் எழுது.

தோழர்களும் செய்ய வேண்டியது உண்டு. காசு கிடைத்தால் பொன்னா பித்தளையா என்று பார்க்கப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; எழுத்தும் உருவமும் தேய்ந்து போகும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். கூடக் கிடந்த ஓட்டையும் மணியையும் எறியாதீர்கள். கலெக்டருக்கு எழுத்திலே தெரிவித்து, ஒப்புச் சீட்டு வாங்குங்கள். கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, காட்டிக் கேளுங்கள். வெளிநாட்டுக்கு விற்கத் தரகன் வந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.

மண்ணை வெட்டுபவன் வரலாற்றை வெட்டி எடுக்கிறான். அவனுக்குரிய கூலியை, எடைக்கல் போட்டு அளந்த காலம் போதும்!