பழைய மகிழுந்தின் வெப்பங்காட்டி: பழுதறியும் நெறி

மகிழுந்தின் முகப்புப் பலகையில், குளிர், சூடு என்னும் இரண்டு எல்லைகளுக்கு இடையே அசையும் சிறுமுள், பொறியின் நலத்தை ஓட்டுநருக்கு உணர்த்துவது. அதனைக் கொண்ட கருவியே வெப்பங்காட்டி. அது தானே வெப்பத்தை அளப்பதில்லை. பொறியின் உடலில் பொருத்தப்பட்ட உணரி அளந்ததையே எடுத்துரைக்கின்றது. அளத்தல் ஓரிடத்தும் காட்டல் பிறிதோரிடத்தும் நிகழ்வதால், பழுதும் அவ்விரண்டில் ஒன்றிலோ, அவற்றை இணைக்கும் வழியிலோ நேரலாம். ஆகவே, பழுதைத் தேடுவோர் முதற்கண் உறுப்புகளை வகுத்தறிதல் வேண்டும்.

பழைய மகிழுந்துகளின் வெப்பங்காட்டிகள் நுண்குழல் வகை, மின்வகை என இருதிறத்தன. நுண்குழல் வகையில், பொறியினுள் அமர்ந்த குமிழில் ஈதர் போன்று எளிதில் ஆவியாகும் நீர்மம் அடைக்கப்பட்டிருக்கும். பொறி சூடேற ஆவியின் அழுத்தம் மிகும். அவ்வழுத்தம் நுண்குழல் வழியே சென்று, பிரெஞ்சுப் பொறியாளர் எழேன் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழலை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். குழல் ஒடிந்து நீர்மம் வெளியேறிவிடின், முள் குளிர் எல்லையை விட்டு எழாது.

மின்வகையோ நான்கு உறுப்புகளால் ஆயது: மின்னழுத்தத்தை ஒருநிலைப்படுத்தும் நிலைநிறுத்தி, காட்டி, கம்பி, உணரி. உணரியின் பித்தளைக் கூட்டுக்குள் வெப்பத் தடையி என்னும் சிறு வில்லை இருக்கும். உலோகங்கள் எனப்படும் மாழைகள் சூடேறும்போது அவற்றின் மின்தடை மிகும்; இவ்வில்லையின் மின்தடையோ குறையும். வெள்ளியும் கந்தகமும் கூடிய சேர்மத்தில் இவ்வியல்பை மைக்கேல் பாரடே 1833-இலேயே கண்டறிந்தார். பொறி குளிர்ந்திருக்கையில் பல நூறு ஓம் அளவினதாகிய தடை, நீர் கொதிநிலையை நெருங்குகையில் சில பத்து ஓம் அளவுக்கு இறங்கிவிடும். தடை குறையக் குறைய மின்னோட்டம் மிகும். அது உணரியின் கூட்டிலிருந்து பொறியின் உடல் வழியாகவே மின்கலத்துக்குத் திரும்பும். இதுவே பணிமனைகளில் எர்த் எனப்படும் உடலிணைப்பு.

காட்டியினுள் இருமாழைப் பட்டையொன்று உண்டு. வெப்பத்தால் வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு மாழைத் தகடுகளை ஒன்றாகப் பிணைத்தால், சூடேறும்போது பட்டை ஒருபுறம் வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஆரிசன் தம் கடற்பயண மணிப்பொறியில் ஆண்ட இந்நெறியே இங்கும் ஆளப்படுகின்றது. பட்டையைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டம் மிகுந்தால், பட்டை கூடுதலாய் வளைந்து முள்ளை உயர்த்தும். 1960-களின் பிரித்தானிய மகிழுந்துகள் பலவற்றில், இத்தகைய மற்றொரு பட்டை நிலைநிறுத்தியினுள் இணைப்பை விட்டுவிட்டு மூடித் திறந்து, 12 வோல்ட்டுக்கு மேல் ஏறியிறங்கும் மின்னழுத்தத்தைச் சராசரி 10 வோல்ட்டாக்கித் தந்தது.

உறுப்புகளை அறிந்தபின் ஆய்வுக்கு வருவோம். கருவியை ஐயுறுமுன் பொறியை ஐயுறுக என்பது முதல் நெறி. முள் சூட்டெல்லையைத் தொட்டால், பொய்யென்று நிறுவப்படும் வரை அதனை மெய்யென்றே கொண்டு ஊர்தியை நிறுத்துக. ரேடியேட்டர் எனப்படும் வெப்பாற்றியின் மூடியைச் சூட்டில் திறத்தலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி திறந்து அழுத்தம் தணிந்த கணமே கொதித்துச் சீறும். முள் தாழ்ந்து நிற்பதும் எப்போதும் நலத்தின் அடையாளமன்று. நீர் குறைந்து உணரியைச் சூழ்ந்து காற்றே நிற்குமாயின், பொறி கொதிக்கையிலும் முள் தாழ்ந்தே நிற்கக்கூடும். தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கதவம் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பொறி உண்மையிலேயே சூடேறாது. அப்போது முள் காட்டும் தாழ்நிலை மெய்யே. எனவே, பொறி ஆறியபின் நீரின் அளவையும் கதவத்தின் இயக்கத்தையும் முதலில் காண்க.

அவை செவ்வனே இருப்பின் மின்சுற்றை ஆராய்க. முள் குளிர் எல்லையிலேயே கிடந்தால், உணரியின் கம்பியைக் கழற்றி, சாவியைத் திருப்பி, கம்பியின் முனையைப் பொறியின் தூய மாழைப் பரப்பில் சில நொடிகள் தொடுக. இருமாழைக் காட்டியின் முள் மெல்லவே எழும். எழுந்து சூட்டெல்லையை அணுகியவுடன் கம்பியை விலக்குக, இல்லையேல் சுருள் கருகும். முள் எழுந்தால் காட்டியும் கம்பியும் நலம். பழுது உணரியிலோ அதன் உடலிணைப்பிலோ உள்ளது. உணரியின் மரையில் டெஃப்லான் நாடாவை மிகுதியாய்ச் சுற்றினாலும் உடலிணைப்புக் கெட்டு முள் தாழும். முள் எழாவிடின் ஃபியூஸ் எனப்படும் உருகி, கம்பி, காட்டி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாய்த் தேர்ந்தறிக. மாறாக, முள் சூட்டெல்லையிலேயே நின்றால், கம்பியைக் கழற்றிய பின் அது இறங்குகின்றதா எனக் காண்க. இறங்கின் உணரி பழுது. இறங்காவிடின் கம்பி எங்கோ தோலுரிந்து ஊர்தியின் உடலைத் தொடுகின்றது. எரிபொருள்காட்டியும் வெப்பங்காட்டியும் ஒருங்கே மிகைத்துக் காட்டுமாயின், இரண்டுக்கும் பொதுவான நிலைநிறுத்தியையும் அதன் உடலிணைப்பையும் நோக்குக.

உணரியின் மீது ஐயம் எஞ்சினால் அடுப்படியிலேயே தெளியலாம். நீர் நிறைந்த கலத்தில் உணரியின் முனையையும் வெப்பமானியையும் தோயவிட்டு, மின்தடைமானியின் ஒரு முனையை உணரியின் கூட்டிலும் மற்றொன்றை அதன் தலையிலும் பொருத்தி, நீரை மெல்லச் சூடேற்றுக. வெப்பம் ஏற ஏறத் தடை ஒழுங்காக இறங்கினால் உணரி நன்று. அசையாமல் நின்றாலோ, திடீரெனத் தாவினாலோ அது மாற்றத்தக்கது. ஏறும் எண்ணும் இறங்கும் எண்ணும் ஒன்றையொன்று தவறாது தொடர்வதைக் காண்போர், பாரடே கண்ட இயற்கையின் ஒழுங்கைத் தம் கண்ணாலேயே காண்கின்றனர்.

உறுப்புகளை ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்ப்பது பொருளையும் பொழுதையும் வீணாக்கும், பிரித்தறிதலே பழுதறிதல். பணிமனைகளில் தொழில் பயிலும் இளைஞர்க்கு, இதனை உணரி, காட்டி, நிலைநிறுத்தி என்று தமிழிலேயே விளக்கிக் கற்பியுங்கள். நெறி விளங்கிய கை புதிய பழுதுக்கும் அஞ்சாது.