பயிற்சியாளருக்குக் காசு கட்டலாமா?

"கிள்ளான்ல ஜிம்முக்குப் போறேன். தனியா ஒரு பயிற்சியாளரை வச்சுக்கச் சொல்றாங்க. காசு கொடுக்கலாமா?" தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த தோழர்கள் கேட்கும் கேள்வி இது.

அன்று பால்வெட்டும் நடையுமே நமக்குப் பயிற்சி. இன்று லோரி ஓட்டுவதும் காவல் வேலையும் உட்கார்ந்த உழைப்பு. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர். இந்தியரிடையே இன்னும் அதிகம். ஆகவே உடற்பயிற்சி அவசியமே.

முதலில் கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு முறை என்றால் மாதம் எட்டு முறை. ஒரு தடவைக் கட்டணத்தை எட்டால் பெருக்குங்கள். 2025-இல் நிர்ணயித்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது எத்தனை நாள் கூலி?

வாரம் 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்கு வேலை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன குறைந்த அளவு இதுதான். நடைக்கு ஆள் எதற்கு? பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு லேக் கார்டன் பக்கம்தானே!

பாரம் தூக்கிப் பழகாதவருக்கும், முழங்கால், இடுப்பு வலி உள்ளவருக்கும் பயிற்சியாளர் உதவுவார். நாலைந்து முறை சரியாகக் கற்றுக்கொண்டு, பிறகு தாமே செய்யலாம்.

நல்லவர் முதலில் உங்கள் நோயையும் மருந்தையும் விசாரிப்பார். விசாரிக்காதவர், ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்பவர், பவுடர் விற்பவர், இவர்களிடம் கையெழுத்துப் போடாதீங்க.

அதற்கும் முன் அரசாங்க கிளினிக்கில் இரத்தமும் பிரஷரும் பாருங்கள். இன்சுலின் போடுவோர் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்யக்கூடாது. கை நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே நிறுத்திச் சீனித் தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு வலித்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.