விடுமுறைக் கணக்கு

ஆண்டு பிறந்ததும் புதிய நாட்காட்டி சுவரில் ஏறுகிறது. வீட்டில் உள்ளோர் முதலில் தேடுவது சிவப்பு எழுத்தில் அச்சிட்ட நாள்களையே. பொங்கல் எந்தக் கிழமையில் வருகிறது என்று பிள்ளைகள் பார்க்கின்றனர். கந்தோருக்குச் செல்லும் தந்தையோ, எத்தனை விடுமுறைகள் சனி ஞாயிறில் விழுந்து வீணாயின என்று எண்ணிப் பெருமூச்சு விடுகிறார். அவ்வளவுடன் அந்த ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆண்டின் நடுவில், தேர்த் திருவிழாவுக்கு வரமுடியுமா என்று ஊரிலிருந்து தாயார் கேட்கும்பொழுதுதான், கையில் எத்தனை நாள் லீவு மிஞ்சியிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலும் அப்பொழுது மிஞ்சியிருப்பது ஒன்றோ இரண்டோதான்.

மிஞ்சாத லீவு எங்கே போயிற்று? திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று எனச் சில்லறையாகச் செலவாகியிருக்கும். பத்து ரூபாயை மாற்றிக் காசாக வைத்திருப்பவன் கையில் பணம் நில்லாதது போல, சில்லறையாக எடுக்கும் லீவும் நில்லாது. எனவே, பணத்துக்கு வரவு செலவுத் திட்டம் வகுப்பதுபோல லீவுக்கும் ஒரு திட்டம் வகுத்தல் அறிவுடைமையாகும்.

இத்திட்டத்துக்கு அடிப்படை மிக எளிது. விடுமுறை நாள்கள் இருவகைப்படும். ஒன்று, நாடு எல்லோருக்கும் தருவது. மற்றது, ஊழியர் தம் உரிமையாகப் பெறுவது. முதலாவது எந்த நாளில் வரும் என்பதை எவராலும் மாற்ற இயலாது. இரண்டாவதை எங்கே வைப்பது என்பது பெருமளவு ஊழியரின் விருப்பத்துக்கு உட்பட்டது. மாற்ற இயலாத நாள்களுக்கு அருகே மாற்றக்கூடிய நாள்களைக் கொண்டுபோய் வைத்தால், சில நாள் லீவில் பல நாள் ஓய்வு கிடைக்கும்.

முதலில், ஒருவருக்கு உரிய நாள்கள் எத்தனை என்பதை அறிதல் வேண்டும். கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்வோரை 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் காக்கிறது. இச்சட்டத்தின்படி ஆண்டு விடுமுறை 14 நாள். திடீர்த் தேவைகளுக்கான சமயோசித விடுமுறை 7 நாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த ஆண்டில் ஆண்டு விடுமுறை இல்லை. அடுத்த ஆண்டில், அவர் சேர்ந்த காலத்துக்கு ஏற்ப அது கிடைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்தவருக்கு 10 நாள். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை சேர்ந்தவருக்கு 7 நாள். அதன்பின் சேர்ந்தவருக்கு 4 நாள். அரசாங்க உத்தியோகத்தருக்கோ ஆண்டொன்றுக்கு 24 நாள் ஓய்வு விடுமுறையும் 21 நாள் சமயோசித விடுமுறையும் உண்டு. தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேறு ஒழுங்குகள் உள.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவனிக்கத்தக்க ஒரு விதி உண்டு. பதினான்கு நாளில் ஏழு நாளேனும் தொடர்ச்சியாக எடுக்கப்படல் வேண்டும் என்பதே அது. துண்டு துண்டாகக் கிடைக்கும் ஓய்வு உண்மையான ஓய்வாகாது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நீண்ட விடுமுறை கேட்கும் ஊழியர் சலுகை கேட்பவர் அல்லர். சட்டம் தந்ததையே கேட்பவராவார்.

இனி, நாடு தரும் விடுமுறைகளைப் பார்க்கலாம். மே முதலாந் திகதி, பெப்ரவரி 4ஆந் திகதி, டிசெம்பர் 25ஆந் திகதி ஆகியன திகதி மாறாதவை. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் ஞாயிற்றின் இயக்கத்தைப் பின்பற்றுவதால் ஒரு நாள் முன்பின்னாக அதே திகதிகளில் வருவன. பூரணை நாள்களோ சந்திரனைப் பின்பற்றுவன. சனி, ஞாயிறு ஓய்வுடன் பூரணையும் விடுமுறையாக இருக்கும் இன்றைய ஒழுங்கு 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் ஏற்பட்டது. அதற்கு முன், 1966 முதல் 1971 வரை, ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சந்திரனின் நான்கு பருவ நாள்களே வார ஓய்வு நாள்களாக இருந்தன. அக்காலத்தில் உத்தியோகம் பார்த்தோர் பஞ்சாங்கத்தைப் பார்த்தே வேலை நாளை அறியவேண்டியிருந்தது.

பூரணைக்கும் பூரணைக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் உண்டு. அதாவது, நான்கு வாரமும் ஒன்றரை நாளும். ஆகவே ஒரு மாதத்தில் திங்களன்று வந்த பூரணை அடுத்த மாதத்தில் செவ்வாயிலோ புதனிலோ வரும்; அதற்கடுத்த மாதத்தில் வியாழனை நெருங்கும். இவ்வாறு அது வாரம் முழுவதையும் சுற்றி வருவதால், எந்த ஆண்டிலும் சில பூரணைகள் வார இறுதியை ஒட்டி விழுந்தே தீரும்.

2025ஆம் ஆண்டை உதாரணமாக எடுத்து நோக்கினால் இது தெளிவாகும். அவ்வாண்டின் பன்னிரண்டு பூரணைகளில், ஜனவரி, மே, ஒக்டோபர் மாதத்தவை திங்களிலும் ஓகஸ்ட் மாதத்தது வெள்ளியிலும் வந்தன. இந்நான்கும் லீவு எதுவும் இன்றியே மூன்று நாள் ஓய்வைத் தந்தன. மார்ச், ஜூலை, டிசெம்பர் மாதத்தவை வியாழனிலும் ஜூன் மாதத்தது செவ்வாயிலும் வந்தன. இவற்றுக்கு இடைநாள் ஒன்றை லீவாக எடுத்தால் நான்கு நாள் ஓய்வு. பெப்ரவரி, நவம்பர் மாதங்களில் புதனில் வந்தவை வாரத்தின் நடுவே தனித்து நின்றன. ஏப்ரல், செப்ரெம்பர் மாதத்தவை சனியிலும் ஞாயிறிலும் மறைந்தன.

அவ்வாண்டின் மிகச் சிறந்த வாய்ப்புத் தை மாதத்திலேயே வந்தது. ஜனவரி 13, திங்கள், பூரணை. 14, செவ்வாய், தைப்பொங்கல். முன்வந்த சனி ஞாயிறையும் சேர்த்தால் நான்கு நாள். புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாளை லீவாக எடுத்தவர் 11ஆந் திகதி தொடக்கம் 19ஆந் திகதி வரை ஒன்பது நாள் வீட்டில் இருந்திருக்கலாம். மூன்று கொடுத்து ஒன்பது பெறுவது எந்த வணிகத்திலும் எளிதன்று. சனிக்கிழமையும் அரைநாள் வேலை செய்வோருக்கு இக்கணக்குச் சற்றுக் குறையும். ஆயினும் முறை ஒன்றே.

நீண்ட விடுமுறையின் பயன் தூரத்திலிருந்து வந்து வேலை செய்வோருக்கே மிகுதி. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு புறப்படுபவர் சனி காலையில் ஊர் சேர்கிறார். ஞாயிறு இரவு மீண்டும் வண்டி ஏறி, திங்கள் காலை உறக்கம் கலையாத கண்களுடன் கந்தோருக்குச் செல்கிறார். இவ்வாறு நான்கு முறை போய்வந்தால் வீட்டிலே கழிவது எட்டு நாள். வண்டியிலே கழிவது எட்டு இரவு. ஒன்பது நாள் விடுமுறையில் ஒருமுறை போய்வந்தால் வீட்டிலே ஒன்பது நாள். வண்டியிலே இரண்டே இரவு. பயணச் செலவும் நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மிச்சப்படும் பணம் தாயாருக்கு ஒரு சேலையாகலாம். கிணற்றுக் கட்டைத் திருத்த உதவலாம்.

பண்டிகைக் காலத்தில் ஆசனம் கிடைப்பது அரிது. 1956ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் யாழ்ப்பாணப் பாதை தடைப்பட்டபின், 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. ரெயிலாயினும் பஸ்ஸாயினும், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே ஆசனம் எடுக்கக்கூடியவர், செல்லும் நாளை முன்னரே தீர்மானித்தவர் மட்டுமே.

நாட்காட்டி தரும் நாள்களை மட்டும் நம்பியிருப்பவர் ஏமாற நேரும். ஏனெனில், தமிழர் வாழ்வில் முக்கியமான சில நாள்கள் சிவப்பு எழுத்தில் இல்லை. மகா சிவராத்திரி அரசாங்க விடுமுறையே. ஆயினும் அன்றிரவு முழுவதும் விழித்திருந்து, விடியற்காலைப் பூசையும் கண்டு வீடு திரும்புபவருக்கு மறுநாள் வேலை நாள். திருக்கேதீச்சரத்துக்குச் சென்று வழிபடுவோருக்கு அம்மறுநாள் பயண நாளுமாகும். எனவே சிவராத்திரிக்கு வேண்டுவது ஒரு நாளன்று, இரண்டு நாள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவம் 25 நாள் நடைபெறுவது. தேர் 24ஆம் நாளிலும் தீர்த்தம் 25ஆம் நாளான ஆவணி அமாவாசையிலும் வரும். அமாவாசையை ஒட்டி வரும் தேருக்குப் பூரணை விடுமுறை ஒருபோதும் துணைசெய்யாது. மடுத் திருப்பதியின் ஓகஸ்ட் 15ஆந் திகதித் திருவிழாவும் அவ்வாறே விடுமுறைப் பட்டியலில் இடம்பெறாதது.

தனியார் துறையில் உள்ளோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். அரசாங்கக் கந்தோர்களும் வங்கிகளும் மூடப்படும் நாள்கள் எல்லாம் வணிக விடுமுறைகள் அல்ல. தைப்பொங்கல், தேசிய தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் பூரணைக்கு அடுத்த நாள், மீலாதுன் நபி, நத்தார் ஆகிய எட்டுமே பொதுவாக வணிக விடுமுறைகளாகும். தீபாவளி, சிவராத்திரி, பெரிய வெள்ளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஆகியன அவற்றில் இல்லை. தீபாவளிக்குக் கடை மூடாவிடின் அந்த நாளையும் தம் லீவிலிருந்தே ஊழியர் எடுக்கவேண்டியிருக்கும். இதனை ஜனவரியிலேயே அறிந்தவர் ஒரு நாளை ஒதுக்கி வைப்பார். அறியாதவர் எண்ணெய்க் குளியலை விட்டுக் கடைக்கு ஓடுவார்.

ஆதலின், 14 நாள் உடைய ஒருவர் 2025ஆம் ஆண்டில் எவ்வாறு வகுத்திருக்கலாம் என்று பார்ப்பது பயன்தரும். நல்லூர்த் தேர் ஓகஸ்ட் 21, வியாழன். அந்த வாரத்தின் ஐந்து வேலை நாளையும் அடுத்த வாரத்தின் திங்கள், செவ்வாயையும் எடுத்தால் ஏழு நாள் லீவு. சனி, ஞாயிறுகளையும் கூட்டினால் 16ஆந் திகதி முதல் 26ஆந் திகதி வரை பதினொரு நாள் ஊரிலே இருக்கலாம். சிவராத்திரிக்கு இரண்டு, தீபாவளிக்கு ஒன்று, ஆகப் பத்து. மீதி நான்கு. அந்த நான்கில் மூன்றைப் பொங்கலுடன் சேர்த்து ஒன்பது நாளாக்கலாம். அல்லது நான்கையும் சேமித்து வைக்கலாம். இரண்டையும் ஒருங்கே செய்ய இயலாது. வயது முதிர்ந்த பெற்றோர் உள்ளவர் சேமித்து வைப்பதே நன்று. நோயும் சாவும் நாட்காட்டி பார்த்து வருவனவல்ல. பெப்ரவரிக்குள் எல்லா லீவையும் செலவழித்துவிட்டு, நவம்பரில் தந்தையின் படுக்கையருகே இருக்க ஒரு நாளுக்காக இரந்து நிற்பது எவருக்கும் நேரக்கூடாத துன்பம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லீவுக்கு இடையே வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் லீவுக் கணக்கில் சேர்க்கப்படுமா என்பதை ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். எடுக்காத லீவை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாமா என்பதையும் அவ்வாறே கேட்டறிய வேண்டும். ஊகத்தின்மேல் கட்டிய திட்டம் சம்பள நாளில் இடிந்து விழும்.

எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்டால் அலுவல் நடைபெறாது. ஆனால் பல சமயத்தார் ஒருங்கே பணிபுரியும் இந்நாட்டிலே இதற்கு ஓர் இயல்பான வழி உண்டு. வெசாக் காலத்தில் சிங்கள நண்பர் ஊருக்குச் செல்லத் தமிழர் அவருடைய மேசையையும் கவனிக்கலாம். தீபாவளியன்று அவர் இவருடைய மேசையைக் கவனிப்பார். பெருநாளில் முஸ்லிம் நண்பருக்கும் நத்தாரில் கிறிஸ்தவ நண்பருக்கும் இவ்வுதவி செல்லும். சட்டமும் இதற்கு இடந்தருகிறது. வணிக விடுமுறை நாளில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளமோ, அந்த ஆண்டு முடியுமுன் சம்பளத்துடன் ஒரு மாற்று விடுமுறையோ உரியது. பூரணையில் வேலை செய்தவருக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் உரியது. பிறர் பண்டிகைக்கு உழைத்துத் தம் பண்டிகைக்கு மாற்று நாள் பெறுவது இரு பக்கத்துக்கும் நன்மை.

திட்டம் வகுக்கும் முறையைச் சுருங்கக் கூறின் இவ்வாறு அமையும். ஆண்டுத் தொடக்கத்தில், குடும்பத்தார் கூடி இருக்கும் ஓர் மாலையில், நாட்காட்டியையும் பஞ்சாங்கத்தையும் அருகருகே வைக்கவேண்டும். தவறவிட முடியாத நாள்களை முதலில் குறிக்கவேண்டும்: தேர், ஆண்டுத் திவசம், உறவினர் திருமணம். பின்னர் அவசரத்துக்குச் சில நாளை ஒதுக்கவேண்டும். எஞ்சியதையே பொது விடுமுறைகளுடன் கோத்து நீட்டவேண்டும். இந்த ஒழுங்கை மாற்றி, மலிவாகக் கிடைக்கும் நீண்ட விடுமுறைகளை முதலில் எடுப்பவர் கணக்கில் வென்று வாழ்வில் தோற்பர். இறுதியாக, வேண்டிய நாள்களை எழுத்தில் எழுதி மேலதிகாரியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும். முதலில் கேட்டவருக்கு மறுப்பது எளிதன்று.

லீவு என்பது சம்பளத்தைப் போன்றே உழைப்பின் ஊதியம். சம்பளத்தை எண்ணிப் பார்க்காமல் எவரும் சட்டைப்பையில் போடுவதில்லை. லீவையும் அவ்வாறே எண்ணிப் பெற்று எண்ணிச் செலவிடுவோர், தேர் இழுக்கும் நாளில் வடத்தருகே நிற்பர். தாயார் கேட்கும்பொழுது, வருகிறேன் என்று தயங்காமல் கூறுவர்.