ஹைப்பேஷியா: யாரும் வைக்காத ஒரு பெயர்

தாத்தாவுக்குக் குழந்தை கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டில் பெயர் தேடும் படலம் ஆரம்பமாகிவிட்டது. வாப்பா ஒரு பக்கம் பெயர்ப் புத்தகத்தோடு, மச்சான் மறுபக்கம் தொலைபேசியோடு. உம்மும்மா மட்டும், "பாத்திமாண்டு வெச்சா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த நாட்களில் இணைந்த கணிதப் பயிற்சிகளுக்கு நடுவே கணித வரலாறு பற்றிய நூலொன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சபையில் வைத்தேன். ஹைப்பேஷியா.

எல்லோரும் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை. "அது ஆருட பேர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எப்படி இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "புள்ளத்தாச்சிக்கு முன்னுக்குக் கதைக்கிற கதையா இது? அப்படி மவுத்தான பொம்புளைட பேர ஆராவது புள்ளைக்கு வெப்பாங்களா?" என்றார் உம்மா.

அன்று எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. பரீட்சை நெருங்கும் காலத்தில் இதையும் தேடிப் படித்தேன் என்றால், அதற்கு உம்மாதான் பொறுப்பு.

முதலில் பொருளைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் 'ஹுப்பாட்டோஸ்' என்றால் மிக உயர்ந்தவன், எல்லோருக்கும் மேலே உள்ளவன். அதிலிருந்து பிறந்த பெண்பெயர்தான் இது. பழைய கிரேக்கர் தம் தலைமைக் கடவுளான சீயுஸை இந்தச் சொல்லால் அழைத்தார்கள். பின்னர் ரோமர் ஆட்சி வந்தபோது, ஆண்டுதோறும் இருவராகத் தெரிவான கொன்சல் என்னும் உயர் அதிகாரிகளைக் குறிக்கவும் கிரேக்கர் இதே சொல்லையே பயன்படுத்தினார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு பொருள். பழைய கிரேக்க யாழில் 'ஹுப்பாட்டே' என்றொரு நரம்பு இருந்தது. பெயர் உயர்ந்தது என்றாலும் அது எழுப்புவது ஆகத் தாழ்ந்த சுருதி. உயரம் என்றது ஒலியை அல்ல, கருவியில் அந்த நரம்பு இருந்த இடத்தை.

உச்சரிப்பிலும் இந்தப் பெயர் ஊருக்கு ஊர் வேடம் மாற்றுகிறது. பழைய கிரேக்கத்தில் ஏறத்தாழ 'ஹுப்பாத்தியா'. இன்றைய கிரேக்கத்தில் ஹகர ஒலி உதிர்ந்து 'இப்பாத்தீயா'. ஆங்கிலேயர் வாயில் 'ஹைப்பேஷியா'. நமக்குப் பழகியது கடைசியது என்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். (நமது பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஏ, ஈ, எச் எழுத்துகள் கூடிக் குறைவதற்கு நாம் இனி அவ்வளவு வெட்கப்படத் தேவையில்லை.)

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் உலகம் நினைவில் வைத்திருப்பது ஒருவரைத்தான். எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில், 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கணிதமும் தத்துவமும் கற்பித்தவர். தந்தை தியோன், அவரும் கணித அறிஞர். தொலமியின் பெரிய வானியல் நூலுக்கு அவர் உரை எழுதினார். அந்த நூலுக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் 'அல்மஜெஸ்ட்' என்ற பெயர் அரபு மொழி கொடுத்தது. அதன் மூன்றாம் பகுதியின் தலைப்பில் தியோன் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார். அந்தப் பகுதியைச் செம்மைப்படுத்தியவர் தத்துவ அறிஞரான தன் மகள் ஹைப்பேஷியா என்பதே அது. பதினாறு நூற்றாண்டுக்கு முன்பு ஒரு வாப்பா தன் மகள் செய்த வேலைக்கு அவளுடைய பெயரை எழுதி வைத்தார். அந்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

ஹைப்பேஷியா தானாக எழுதியதாக உறுதியாகச் சொல்லக்கூடிய நூல் எதுவும் இன்று தனியாகக் கையில் இல்லை. அவருடைய மாணவர் சைனீசியஸ் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இவர் இன்றைய லிபியாவிலிருந்த சைரீன் நகரத்தவர், பின்னர் கிறிஸ்தவ ஆயரானவர். ஆசிரியைக்கு எழுதிய ஏழு கடிதங்கள் தப்பியுள்ளன. ஒன்றில், திரவத்தின் எடையை அளக்கும் கருவி ஒன்றைச் செய்வித்து அனுப்பும்படி கேட்கிறார். நோய்ப்படுக்கையிலிருந்து எழுதிய இன்னொன்றில் அவரைத் தாய் என்றும் சகோதரி என்றும் ஆசிரியை என்றும் விளிக்கிறார். மதம் வேறானாலும் அந்த மாணவர் தன் ஆசிரியையை விட்டு விலகவில்லை.

அவர் உரை எழுதியதாகப் பழைய அகராதியொன்று கூறும் நூல்களில் இரண்டு, நம்மோடு சம்பந்தப்பட்டவை. ஒன்று அப்பொலோனியஸின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூல். பரவளைவு, நீள்வளையம், அதிபரவளைவு என்று நாம் வகுப்பில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே வளைவுகள்தான். எட்டுப் பாகங்கள் கொண்ட அந்த நூலில் முதல் நான்கே கிரேக்க மொழியில் கிடைக்கின்றன. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா சகோதரர்களின் முயற்சியால் அரபுக்கு மாற்றப்பட்டதால் மட்டுமே பிழைத்தன. மற்றது தியோபந்தஸின் எண்கணித நூல். அதன் நான்கு பாகங்கள், குஸ்தா இப்னு லூக்காவின் அரபு மொழிபெயர்ப்பாக, 20ஆம் நூற்றாண்டில்தான் ஈரானின் மஷ்ஹத் நகர நூலகத்தில் வெளிப்பட்டன. அவற்றில் காணும் விளக்கங்கள் ஹைப்பேஷியாவின் உரையிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியானால் அவருடைய குரல் அவருடைய சொந்த மொழியில் மறைந்து, நமது மார்க்கத்தின் மொழியில் மிஞ்சியிருக்கிறது.

இனி உம்மாவைப் பயமுறுத்திய பகுதி. சுருக்கமாகவே சொல்கிறேன். 415ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் ஆளுநர் ஒரெஸ்டிஸுக்கும் ஆயர் சிரிலுக்கும் இடையே கடும் பகை. ஆளுநர் ஹைப்பேஷியாவின் ஆலோசனையைக் கேட்பவர். இருவரும் சமாதானமாகாமல் தடுப்பது இந்தப் பெண்தான் என்று ஒரு வதந்தி பரவியது. மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒரு கும்பல் அவரை வாகனத்திலிருந்து இழுத்து இறக்கிக் கொடூரமாகக் கொன்றது. இதை எழுதி வைத்துக் கண்டித்தவரும் ஒரு கிறிஸ்தவர்தான், சொக்ராட்டீஸ் என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர். எனவே இதை ஒரு மதத்தின் குற்றமாகப் பார்ப்பது சரியில்லை என்று நினைக்கிறேன். ஒரு வதந்தி கும்பலைத் தெருவுக்கு இறக்கினால் என்ன நடக்கும் என்பது எங்கள் நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தப் பெயர் ஏன் அருகிப்போனது? உம்மா சொன்னபடி, மரணத்தின் துயரமா? நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு எங்கள் வகுப்பு இடாப்பே அதை மறுத்தது. அதில் இரண்டு ஸுமையாக்கள் இருக்கிறார்கள். அம்மார் (ரழி) அவர்களின் தாயார் ஸுமையா (ரழி) அவர்கள் மக்காவில் அபூ ஜஹ்லின் ஈட்டியால் ஷஹீதானவர்கள். இருவரையும் நான் ஒப்பிடவில்லை, பெயரைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். கொடிய மரணம் ஒரு பெயரை அழிப்பதாக இருந்தால் ஸுமையா என்ற பெயர் எங்கள் ஊர்வரை வந்திருக்காது. அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்து வைத்து, ஒரு சமூகம் அதைச் சுமந்து வந்திருக்கிறது.

ஹைப்பேஷியாவுக்குச் சுமக்க ஆளில்லை. அவர் பின்பற்றிய பழைய கிரேக்கச் சமயம் சில தலைமுறைகளில் மறைந்துபோனது. கிரேக்கர்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாட்டன் பாட்டியின் பெயரையே வைப்பார்கள், அதிலும் தந்தைவழிக்கு முன்னுரிமை. அந்தப் பெயர்கள் பெரும்பாலும் திருச்சபைப் புனிதர்களுடையவை. புனிதரின் நாளே அப்பெயருடையவரின் பெயர்நாள், பலர் அதைப் பிறந்தநாளைவிட விமரிசையாகக் கொண்டாடுகிறார்கள். இதே பெயரின் ஆண்வடிவமான 'இப்பாத்தியோஸ்' புனிதர்களின் பெயராக இருந்ததால் தேவாலய நாட்காட்டியில் தங்கிவிட்டது. பாட்டியிடமும் இல்லாத, பேர்பெற்ற புனிதரிடமும் இல்லாத பெயர் எப்படிப் பேத்தியிடம் வரும்? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கர் தம் பழம்பெருமையை நினைத்து அஸ்பாசியா, அந்திகோனி என்றெல்லாம் பழைய பெயர்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். அப்போதும் மரியா, எலெனி, கத்தரினா ஆகியோரின் கூட்டத்தில் இப்பாத்தீயா அபூர்வமாகவே இருந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அலெக்சாந்திரியாவின் புனித கத்தரின் கதையில், கல்வியில் சிறந்த கன்னி ஒருத்தி ஐம்பது தத்துவ அறிஞர்களை வாதத்தில் வென்று, பின்பு கொல்லப்படுகிறாள். அந்தக் கதையில் ஹைப்பேஷியாவின் சாயல் கலந்திருக்கிறது என்போர் உண்டு. அது உண்மையானால், கிரேக்கத்தில் தெருவுக்கு நான்கு கத்தரினாக்கள் வழியாக அவரும் முகம் தெரியாமல் நடமாடுகிறார்.

பூமியில் அருகிய பெயர் வானத்தில் இடம்பிடித்தது. 1884இல் கண்டுபிடிக்கப்பட்ட 238ஆம் இலக்கச் சிறுகோளுக்கு இவர் பெயர். சந்திரனில் இவர் பெயரில் ஒரு குழி இருக்கிறது, சற்றுத் தள்ளி வாப்பா தியோனுக்கும் ஒன்று. 2015இல், திராகோ விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோளுக்கும் ஹைப்பேஷியா என்று பெயர் வைத்தார்கள். அந்த நட்சத்திரத்தின் பெயர் எடாசிச். ஆண் கழுதைப்புலி என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மறுபடியும் அரபு!

இதையெல்லாம் தேடும்போது இன்னொரு பெண்ணும் எதிரே வந்தார். 10ஆம் நூற்றாண்டில், ஹலப் நகரத்து ஆட்சியாளர் ஸைபுத் தவ்லாவிடம் இருந்த, அஸ்தர்லாப் என்னும் வானியல் கருவி செய்யும் கலைஞர். இப்னு நதீமின் நூற்பட்டியலில் அவர் 'அல் இஜ்லிய்யா' என்று மட்டும் வருகிறார். இஜ்லியின் மகள் என்பதைத் தவிர வேறு விபரமில்லை. இன்று பலர் மர்யம் என்று எழுதுகிறார்கள், ஆனால் அந்த நூலில் அவருடைய சொந்தப் பெயர் இல்லை. ஒருவருக்குப் பெயர் இருந்தது, வைப்பதற்கு ஆளில்லை. மற்றவரின் பெயரை வைக்கலாம் என்றால் அதை எழுதி வைக்க ஆளிருக்கவில்லை. என் கொப்பியில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து உம்மாவிடம் ஸுமையா விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மீனை வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பேருக்கு என்ன கருத்துண்டு சொன்ன?" என்றார். மிக உயர்ந்தவள் என்றேன். "அப்ப அது நம்மட பாஷையில உல்யா தானே."

எனக்குத் தோன்றவேயில்லை! ஸுஜூதில் நாம் சொல்லும் 'அஃலா' என்ற சொல்லின் பெண்பால் அது. மத்ரஸாவில் அரபு படித்தது உம்மா, நூலகத்தில் வாரக்கணக்கில் அலைந்தது நான்.

குழந்தை போன மாதம் பிறந்தாள். ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைத்தோம்: பாத்திமா உல்யா. உம்மும்மா முதல் பாதியை மட்டுமே கூப்பிடுகிறார்.